ஆறாவது இடத்துக்குள் வந்துவிடுவோமா? பிளேஆஃப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு சீசனிலும் பொங்கல் கழிந்ததும், நம் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி ஆடும் சென்னை நேரு மைதானத்தின் படிக்கட்டுகளில் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு குறைந்து, கூட்டல் கழித்தல் பற்றிய பேச்சு கூடிவிடுகிறது. நான் ஒரு சிறிய நோட்டில் புள்ளிப் பட்டியலை எழுதி வைத்திருப்பவன் என்பது பக்கத்து இருக்கைக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டதால், ஒரே சந்தேகங்கள் ஆண்டுதோறும் என்னிடம் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தியன் சூப்பர் லீக்கில் 2022-23 முதல் 2024-25 வரை நடைமுறையில் இருந்த ஆறு அணி பிளேஆஃப் முறையை வைத்தே பதில்கள் அமைந்துள்ளன. முறை மாறுகிற ஆண்டில் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்; கணக்குப் போடும் விதம் அப்படியே பொருந்தும்.

பிளேஆஃப் என்றால் சரியாக என்ன? எத்தனை அணி உள்ளே போகும்?

லீக் சுற்றில் ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒரு முறையும் வெளி மைதானத்தில் ஒரு முறையும் ஆடுகிறது. வெற்றிக்கு மூன்று புள்ளிகள், டிராவுக்கு ஒன்று. அந்தச் சுற்றின் முடிவில் முதலிடம் பிடிக்கும் அணி ஷீல்டைப் பெறும். முதல் ஆறு இடங்களில் இருப்பவை கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போகும். முதல் இரண்டு அணிகளுக்கு நேரடியாக அரையிறுதி. மூன்றாவது அணி ஆறாவதோடும், நான்காவது அணி ஐந்தாவதோடும் ஒரே ஆட்டத்தில் மோத வேண்டும். அந்த ஆட்டம் பட்டியலில் மேலே முடித்த அணியின் மைதானத்தில் நடக்கும். அரையிறுதி மட்டும் இரண்டு ஆட்டங்கள்.

2021-22 வரை நான்கு அணிகள்தான் முன்னேறின. பழைய சீசன்களோடு ஒப்பிட்டுப் பேசும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதாலேயே பாதிக் குழப்பம் வருகிறது.

போன வருஷம் 27 புள்ளியில் உள்ளே போனோமே, இந்த வருஷமும் 27தானே எடுத்தோம், ஏன் போகவில்லை?

2024-25 முடிந்தபோது இந்தக் கேள்வி என் காதில் விழாத நாளில்லை. கேட்டவர்களின் ஆதங்கம் நியாயமானது. ஏனென்றால் சென்னையின் எஃப்.சி. தொடர்ந்து மூன்று சீசன்களில் அதே 27 புள்ளிகளை எடுத்தது. 2022-23இல் அது எட்டாவது இடம். 2023-24இல் ஆறாவது இடம், அதாவது பிளேஆஃப். 2024-25இல் பதினோராவது இடம்.

எண் ஒன்றாக இருந்தாலும் அதன் எடை ஒன்றாக இருக்கவில்லை. முதல் சீசனில் 11 அணிகள், ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள். அடுத்ததில் 12 அணிகள், 22 ஆட்டங்கள். அதற்கடுத்ததில் 13 அணிகள், 24 ஆட்டங்கள். ஆகவே 27 புள்ளிகள் என்பது ஆட்டத்துக்கு 1.35, பிறகு 1.23, பிறகு 1.13 என்று ஒவ்வோர் ஆண்டும் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. இன்னும் கூர்ந்து பார்த்தால், மூன்றில் மிகச் சிறப்பாக ஆடியது எட்டாவதாக முடித்த சீசனில்தான். உள்ளே போன சீசனில் நாம் அதைவிடக் குறைவாகவே ஆடினோம், ஆனால் நமக்குக் கீழே இருந்தவர்கள் நம்மையும்விடத் தடுமாறினார்கள். இதை ஒப்புக்கொள்ள மனம் வராது. நோட்டில் மூன்று வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்த அன்று எனக்கும் வரவில்லை.

அப்படியானால் எத்தனை புள்ளி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்?

எல்லோரும் ஆறாவது அணியின் புள்ளியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஏழாவது அணியின் புள்ளி, ஏனென்றால் அதைவிட ஒன்று கூடுதலாக இருந்தாலே போதும். ஏழாவது அணி 2022-23இல் 27, 2023-24இல் 26, 2024-25இல் 33 புள்ளிகளோடு முடித்தது. எனவே முறையே 28, 27, 34 புள்ளிகள் போதுமானவையாக இருந்தன. ஆட்டத்துக்கு 1.5 என்ற விகிதத்தில் புள்ளி சேர்த்த எந்த அணியும் இந்த மூன்று சீசன்களிலும் வெளியே நின்றிருக்காது. 24 ஆட்டங்கள் என்றால் 36 புள்ளிகள். அதைத்தான் என் நோட்டின் மேல் ஓரத்தில் இலக்காக எழுதி வைக்கிறேன்.

இலக்கு தெரிந்தபின் மீதியைப் பாருங்கள். 18 ஆட்டங்களில் நம்மிடம் 24 புள்ளிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஆட்டங்களில் 12 புள்ளிகள் தேவை, அதாவது நான்கு வெற்றிகள். இதுவரை ஆட்டத்துக்கு 1.33 என்று சேர்த்த அணி, இனி 2 என்று சேர்க்க வேண்டும். இது நடக்காத காரியமில்லை. ஆனால் "ஆறாவது இடத்துக்கு நாலு புள்ளிதானே வித்தியாசம்" என்று சொல்லும்போது இந்த வேக மாற்றம் கண்ணில் படுவதில்லை.

டிராவாவது கிடைத்ததே, தோற்கவில்லையே என்று ஆறுதல் அடையலாமா?

பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள் அடையலாம். ஆட்டத்துக்கு 1.5 தேவைப்படுகிற அணிக்கு ஒவ்வொரு டிராவும் அரைப் புள்ளி பின்னடைவு. ஆறு ஆட்டங்களையும் டிரா செய்தால் ஆறு புள்ளிகள். மூன்றில் வென்று மூன்றில் தோற்றால் ஒன்பது. "ஆறு ஆட்டங்களாகத் தோல்வியே இல்லை" என்ற தலைப்பு காதுக்கு இனிமையாக இருந்தாலும் பட்டியல் அதற்கு மயங்குவதில்லை.

ஒரே விதிவிலக்கு உண்டு. நம்மைத் துரத்துகிற அணியோடு அதன் மைதானத்தில் ஆடும்போது டிரா என்பது அவர்களுக்குக் கிடைக்கவேண்டிய மூன்றை ஒன்றாகக் குறைத்துவிடுகிறது. அங்கே ஒரு புள்ளி நல்ல சம்பாத்தியம்.

நமக்கு ஒரு ஆட்டம் பாக்கி இருக்கிறதே, அந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா?

சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஆடாத ஆட்டத்துக்கு நம் வழக்கமான விகிதத்தைத்தான், அதாவது ஒன்றேகால் புள்ளி என்பதுபோல, கணக்கில் வைக்கலாம். தள்ளிப்போன அந்த ஆட்டம் யாருடன், எங்கே, எத்தனை நாள் இடைவெளியில் நடக்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அது வாரத்தின் நடுவில், களைத்த கால்களோடு ஆட வேண்டியதாக வந்து விழும்.

"கணக்குப்படி இன்னும் வாய்ப்பு இருக்கிறது" என்கிறார்களே, அது உண்மையா, வெறும் சமாதானமா?

உண்மைதான், ஆனால் மிகச் சிறிய உண்மை. மீதி ஆட்டங்கள் எல்லாவற்றையும் வென்றால் நமக்குக் கிடைக்கும் உச்சப் புள்ளி, இப்போது ஆறாவதாக இருக்கும் அணியின் புள்ளியைத் தொட முடிகிறதா என்பது மட்டுமே அந்த வாக்கியத்தின் பொருள். அதைத் தொட முடிகிற கடைசி நாள் வரை எந்த அறிவிப்பாளரும் அந்த வாக்கியத்தைச் சொல்லலாம்.

இதன் மறுபக்கம் பலருக்குத் தெரியாது. உள்ளே போய்விட்டோம் என்பது சில சமயம் பட்டியலைப் பார்த்தால் தெரிவதற்கு முன்பே முடிவாகிவிடும். நாம் 34 புள்ளிகளோடு எல்லா ஆட்டங்களையும் முடித்து ஐந்தாவது இடத்தில் இருக்கிறோம். ஆறாவது அணிக்கு 30, ஏழாவது அணிக்கு 29, இருவருக்கும் தலா இரண்டு ஆட்டங்கள் மீதம், மற்றவர்களால் நம்மை எட்ட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே பார்த்தால் ஒன்று 36 வரையும் மற்றது 35 வரையும் போகலாம் என்பதால் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்று அவர்களுக்குள்ளேயே நடப்பதாக இருந்தால், தோற்பவர் 33ஐத் தாண்ட முடியாது. டிரா ஆனால் ஏழாவது அணி 33இல் நின்றுவிடும். இருவரும் சேர்ந்து நம்மைத் தாண்ட வழியில்லை, எனவே ஆறாவது இடம் நமக்கு உறுதி. உச்சப் புள்ளிகளை மட்டும் பார்க்காமல் யார் யாரோடு ஆடுகிறார்கள் என்ற அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

பாதி சீசன் தாண்டியும் கடைசி இடத்தில் கிடக்கிறோம். 2015 மாதிரி நடக்குமா?

2015ஐ யாராவது நினைவூட்டாமல் எந்தச் சென்னை ரசிகர் கூட்டமும் கலைவதில்லை. மார்கோ மாத்தராட்ஸி பயிற்சியளித்த அந்த அணி பட்டியலின் அடியில் கிடந்து, லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்று மூன்றாவதாக முடித்தது. நகரம் வெள்ளத்தில் இருந்ததால் அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என வென்றது. கோவாவின் ஃபடோர்டாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 90ஆவது நிமிடம் நெருங்கும் வரை கோவா 2-1 என முன்னிலையில் இருந்தது. அப்போது கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையிலிருந்து பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. அடுத்த சில நிமிடங்களில் சென்னை வீரர் மென்டோசா அடித்த கோலில் கோப்பை சென்னைக்கு வந்தது.

அதே சமயம் அன்றைய லீக்கின் அமைப்பையும் நினைவில் கொள்ளுங்கள். எட்டே அணிகள், நான்கு உள்ளே போகும், 14 ஆட்டங்கள்தான். முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் இடையே இருந்த தூரம் குறைவு என்பதால் நான்கு வெற்றிகள் ஓர் அணியை ஏணியில் தூக்கி நிறுத்த முடிந்தது. 2024-25இல் ஆறாவது அணிக்கும் பதினோராவது அணிக்கும் இடையே ஒன்பது புள்ளிகள். எனக்கு 2015ஐவிட 2019-20 நம்பத் தகுந்த முன்மாதிரி. அந்தச் சீசனின் நடுவே பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகி ஓவன் காயில் வந்தார். 18 ஆட்டங்களில் 29 புள்ளிகளோடு நான்காவது இடம் பிடித்து, இறுதி ஆட்டம் வரை போனது அணி. அதிசயத்தைவிடப் பயிற்சியாளர் மாற்றமும், கோல் அடிக்கத் தொடங்கிய முன்களமும் அதிகம் நடக்கக்கூடியவை.

புள்ளி சமமாக வந்தால் கோல் வித்தியாசம்தானே? நம்முடையது மைனஸில் இருக்கிறதே!

இந்த லீக்கில் முதலில் பார்ப்பது சமமாக நிற்கும் அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவை. மொத்தக் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோல்களிலிருந்து வாங்கியவற்றைக் கழித்தது, அதற்குப் பிறகுதான். 2024-25இல் பெங்களூரு, நார்த்ஈஸ்ட் யுனைடெட், ஜாம்ஷெட்பூர் மூன்றும் 38 புள்ளிகளில் நின்றன. கோல் வித்தியாசத்தில் நார்த்ஈஸ்ட் மேலே இருந்தும் மூன்றாவது இடம் பெங்களூருவுக்குப் போனது. ஜாம்ஷெட்பூர் வாங்கிய கோல்கள் அடித்த கோல்களைவிட அதிகம். அப்படியும் ஐந்தாவதாக உள்ளே போனது. மைனஸைக் கண்டு மட்டும் மிரள வேண்டாம்.

மூன்று அணிகள் சமமானால் அந்த மூன்றும் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்து ஒரு குட்டிப் பட்டியல் போட வேண்டும். "நாம் அவர்களை இரண்டு முறை வென்றோம்" என்பது இரண்டு அணிச் சமநிலையில் போதும்; மூன்றாவது அணி வந்து சேர்ந்தால் அந்தச் சாதகம் கரைந்துபோகலாம்.

எல்லா லீக்கிலும் இதே விதி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் சாம்பியன்ஷிப்பில் கோல் வித்தியாசமே முதல் அளவுகோல். 2020 ஜூலையில் கடைசி நாளன்று நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மூன்று புள்ளிகளும் ஐந்து கோல் வித்தியாசமும் முன்னிலையில் இருந்தது. அது 4-1 எனத் தோற்க, ஸ்வான்ஸி 4-1 என வெல்ல, 70 புள்ளிகளில் சமமாகி ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பிளேஆஃப் இடம் கைமாறியது. அந்த ரசிகர்களுக்கு என் அனுதாபம் இன்றும் உண்டு.

நம்மோடு போட்டியிடும் இரண்டு அணிகள் மோதினால் யார் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது?

பொதுவாக டிராவை. வெற்றி என்றால் மூன்று புள்ளிகள் களத்தில் இறங்கும். டிரா என்றால் இரண்டுதான். இருவரும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஒன்று குறைவாக இறங்குவது நமக்கு லாபம்.

அவர்களில் ஒன்று ஏற்கெனவே நம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தால் கணக்கு தலைகீழாகும். அப்போது மேலே இருக்கும் அணியே வெல்லட்டும். அதற்குக் கிடைக்கும் மூன்று புள்ளிகள் நம்மை ஒன்றும் செய்யாது, தோற்ற அணி நமக்குப் பக்கத்திலேயே நிற்கும். பரம வைரியாக நினைக்கும் அணிக்காக ஒன்றரை மணி நேரம் கை தட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் இதில் உள்ள கசப்பு.

இணையத்தில் "31 சதவீத வாய்ப்பு" என்று போடுகிறார்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

மீதி ஆட்டங்களை ஒரு கணினி நிரல் ஆயிரக்கணக்கான முறை கற்பனையாக ஆடிப் பார்க்கிறது. அணிகளின் பலத்துக்கேற்ப ஒவ்வொரு முறையும் முடிவுகள் மாறும். அவற்றில் எத்தனை முறை நம் அணி முதல் ஆறில் முடித்தது என்பதே அந்தச் சதவீதம். 31 என்றால் பத்தில் மூன்று முறை நடக்கிற காரியம் என்று பொருள். மூன்று முறை என்பது சும்மா இல்லை. அந்த நிரலுக்குக் காயம்பட்ட தடுப்பாட்டக்காரரும், மஞ்சள் அட்டைகள் சேர்ந்து அடுத்த ஆட்டத்தில் அமர வேண்டிய நடுக்களக்காரரும் தெரியாமல் இருக்கலாம். ஓர் எண்ணைத் தனியாகப் பார்ப்பதைவிட, அது வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது பயனுள்ளது.

ஆறாவதாகத் தொற்றிக்கொண்டு உள்ளே போய் என்ன பிரயோசனம்?

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆறு அணி முறை வந்த பிறகு மூன்று சீசன்களிலும் ஆறாவது அணி முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது: 2022-23இல் ஒடிசா, 2023-24இல் சென்னையின் எஃப்.சி., 2024-25இல் பெங்களூருவிடம் 5-0 எனத் தோற்ற மும்பை. அந்தச் சுற்றின் ஆறு ஆட்டங்களில் ஐந்தைச் சொந்த மைதான அணி வென்றது. 2024-25இல் நார்த்ஈஸ்ட்டை அதன் மைதானத்தில் வீழ்த்திய ஜாம்ஷெட்பூர் மட்டுமே விதிவிலக்கு. ஆறாவது இடத்தோடு திருப்தி அடையாமல் நான்காவது இடத்தைக் குறிவைக்க வேண்டும் என்று நான் முணுமுணுப்பது இதனால்தான்.

ஆனால் மேலே முடிப்பதும் உத்தரவாதம் தராது. 2014இல் சென்னையின் எஃப்.சி. லீக்கில் முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் முதல் ஆட்டத்தை 3-0 என இழந்து, சென்னையில் மூன்று கோல்களையும் திருப்பி அடித்து, கூடுதல் நேரத்தின் இறுதியில் வாங்கிய ஒரே கோலில் வெளியேறியது. அன்று மைதானத்தில் இருந்தவர்களிடம் "முதலிடம்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரே ஆட்டம் என்றால் நடுவரின் ஒரு தவறே முடித்துவிடாதா?

முடித்துவிடலாம். 2023 மார்ச்சில் பெங்களூருவில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் பெங்களூருவின் சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீகிக்கை நடுவர் கோலாக ஏற்றதை எதிர்த்துக் கேரளா பிளாஸ்டர்ஸ் களத்தைவிட்டே வெளியேறியது. ஆட்டம் பெங்களூருவுக்கு வழங்கப்பட்டது. கேரளாவுக்கு அபராதமும், அதன் பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் வந்தன.

எந்தக் கட்டத்தில் நம்பிக்கையை மூட்டை கட்டலாம்?

தேவையான விகிதம் ஆட்டத்துக்கு 2.5ஐத் தாண்டினால் நான் நோட்டை மூடிவிடுவேன். நான்கு ஆட்டங்களில் மூன்று வெற்றியும் ஒரு டிராவும் எடுத்துவிட்டு, அதுவும் போதவில்லை என்கிற நிலை அது. 2018-19இல் நடப்புச் சாம்பியனாக இறங்கிய நம் அணி 18 ஆட்டங்களில் ஒன்பதே புள்ளிகளோடு கடைசியில் முடித்தது. அந்தச் சீசனில் நோட்டு சீக்கிரமே அலமாரிக்குப் போனது. மைதானத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. கணக்கு முடிந்துபோன சீசனில் இளம் வீரர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும், அதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

கடைசி வாரத்தில் நம் ஆட்டமே இல்லாத நாளில் என்ன செய்வது?

மேலே சொன்ன உச்சப் புள்ளிக் கணக்கைப் போட்டு, எந்த ஓர் ஆட்டம் நம்மைப் பாதிக்கும் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் பாருங்கள். நான்கு திரைகளை ஒரே நேரத்தில் திறந்து வைப்பதால் ஒரு கோலும் கூடுதலாக விழப்போவதில்லை.

2024 ஏப்ரலில் சென்னையில் நார்த்ஈஸ்ட்டை 2-1 என வென்று 27 புள்ளிகளுக்கு வந்தோம். மறுநாள் ஈஸ்ட் பெங்கால் 24 புள்ளிகளோடு பஞ்சாபுக்கு எதிராகத் தன் கடைசி ஆட்டத்தில் இறங்கியது. வென்றால் அவர்களும் 27. நான் வீட்டில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். இரண்டு கட்டங்கள் வரைந்திருந்தேன்: ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஒன்று, வெல்லாவிட்டால் மற்றொன்று. பஞ்சாபின் மூன்றாவது கோல் விழுந்ததும் முதல் கட்டத்தின் குறுக்கே கோடு போட்டேன். ஆட்டம் 4-1 என முடிந்தது. நண்பர் ஒருவர் அழைத்து, "இப்போது உள்ளேதானே, இனி எந்தக் கணக்கும் இல்லையே?" என்று இரண்டு முறை கேட்டார், இல்லை என்று இரண்டு முறையும் சொன்னேன், பிறகு அவருக்குத் தெரியாமல் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன்.